துடைத்தவன் குற்றவாளியா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் நம்மில் பல பேருக்குக் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து பார்க்கத் தோன்றும். பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிடுகிறோம். விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து சுவிட்சைத் தட்டினால்... ம்ஹூம். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. உடனே வீட்டில் ஒரு குரல் கேட்கும்: ‘‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு? யார் இதைத் தொட்டது?’’

இது பூஜையோடு போனால் பரவாயில்லை. நவம்பர் முதல் வாரம், தஞ்சை மாவட்டத்தில் ஏதோ ஒரு கடைத்தெருவின் ஆன்லைன் சென்டரில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசித் தேதி. சிட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வரிசையாக விவசாயிகள். உள்ளே இருக்கும் ஒரே மெஷின் உயிர்விட்டுக் கிடக்கிறது. அன்று பதிய முடியாமல் போய், அப்புறம் மழையில் வயல் மூழ்கினால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கிடையாது. விஷயம் அத்தனை பெரிது.

முதலாளி கத்துகிறார்: ‘‘எவன்டா இதைத் தொட்டது?’’

வேலை பார்க்கும் பையன் நடுங்கிப்போய்ச் சொல்கிறான்: ‘‘மேலதான் துடைச்சேன் அண்ணே. உள்ள எதையும் கழட்டலை.’’

உண்மையில் அவன் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறான். சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவன் சொன்ன அந்த ஒரு பொய்யால், ரிப்பேருக்கு வந்தவர் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு, மானிட்டரை மாற்றிப் பார்த்து, அரை நாளைத் தொலைக்கிறார். ‘ரேமைத்தான் கழட்டினேன்’ என்று முதலிலேயே தெரிந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. எடுத்து, பென்சில் ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்து, இரண்டு காதும் ‘டக்’கென்று பிடிக்கும்வரை அழுத்தினால் போதும்.

இப்போது சொல்லுங்கள். அந்த அரை நாளைத் தொலைத்தது யார்? பொய் சொன்ன பையனா, பொய் சொல்ல வைத்த கேள்வியா?

துடைத்த பிறகு மெஷின் கிளம்பாமல் போனால், துடைத்ததையே முதலில் சந்தேகிப்பது நியாயம்தான். எல்லாமே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை ஆகிவிடாது. பின்பக்க சுவிட்சை மறுபடி போட மறந்திருக்கலாம். புராசஸருக்குப் போகும் மின் ஒயர் நழுவியிருக்கலாம். ஹீட் சிங்க் அசைந்திருக்கலாம். ஈரத்துணியின் ஈரம் உள்ளே தங்கியிருக்கலாம். அதனால்தான் விஷயம் தெரிந்த மெக்கானிக் ‘யார்’ என்று கேட்பதில்லை. ‘‘கடைசியா என்னென்ன செஞ்சீங்க?’’ என்று கேட்பார். பிறகு வந்த வழியே திரும்பிப் போவார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அவசியமானதை மட்டும் வைத்து இயக்கி, மீதியை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ, அங்கேதான் வியாதி.

‘யார்’ என்பது தண்டிக்கிற கேள்வி. ‘என்ன’ என்பது கண்டுபிடிக்கிற கேள்வி. முதல் கேள்வியை முந்திக் கேட்டுவிட்டால், இரண்டாவதற்கு நேர்மையான பதில் வராது. விமானத் துறை இதைப் புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976-ல் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு செய்தார்கள். நடத்துவது நாசா. பெயர் வெளியே வராது. விபத்தோ, வேண்டுமென்று செய்த தப்போ இல்லையென்றால், பத்து நாளுக்குள் சொன்னவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. ஒருவர் பயப்படாமல் சொன்னது, இன்னொருவர் அதே தவறைச் செய்யாமல் காப்பாற்றுகிறது.

இன்னொரு அநியாயத்தையும் கவனியுங்கள். வருஷக் கணக்காகத் தூசி படிய விட்டவரை யாரும் எதுவும் சொல்வதில்லை. நெல் தூசும் தவிடும் ஃபேனில் அப்பி, சூடு வெளியேறாமல் மெஷின் தானாகவே செத்திருந்தால், ‘‘பழைய மெஷின், போயிடுச்சு’’ என்று சொல்லி முடித்துவிடுவோம். கை வைத்தவனுக்குப் பழி. கை கட்டி நின்றவனுக்கு நல்ல பெயர்! இந்தக் கணக்கு தொடர்ந்தால், யார்தான் எதைத் துடைப்பார்கள்?

காவிரிக்கும் இது நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்தில் ஓடி வீணானது. ஆர்தர் காட்டன் 1830-ல் கல்லணையில் மணல்போக்கிகள் அமைத்தார். 1836-ல் முக்கொம்பில் மேலணை வந்தது. அது வந்தபின் சிக்கல் தலைகீழானது. காவிரியில் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து, ஆற்றின் அடியை அரிக்க ஆரம்பித்தது. 1840-களில் மேலணையில் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைத்து, காவிரியின் தலைப்பில் தளச்சுவர் கட்டிச் சரிசெய்தார்கள். ‘கை வைத்ததால்தானே வந்தது’ என்று அணையை இடித்துவிட்டுப் போயிருந்தால், டெல்டாவின் கதை வேறாகியிருக்கும்.

அப்படியானால் துடைத்தவனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. மின்சாரத்தை நிறுத்தாமல், ‘வேண்டாம்’ என்று சொல்லியும் ஈரத்துணியை உள்ளே விட்டவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும், செய்ததை மறைக்காமல் சொல்வதும் அவன் கடமை. ஆனால் பொறுப்பு வேறு, பழி வேறு. பொறுப்பு ரிப்பேரோடு சேர்ந்து நடக்கும். பழியோ ரிப்பேருக்குக் குறுக்கே நிற்கும். எப்படித் துடைப்பது என்று ஒருநாளும் சொல்லிக்கொடுக்காத முதலாளிக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு.

வாசலில் நிற்கும் விவசாயிக்குக் குற்றவாளி யார் என்று தெரிய வேண்டியதில்லை. அவருக்கு மெஷின் ஓடினால் போதும். அதற்கு முதலாளி சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘‘பயப்படாதே தம்பி. எதை எதைக் கழட்டினே, வரிசையாச் சொல்லு. சேர்ந்து பார்ப்போம்.’’