மாரியோவின் வானம்

1983 ஜூலையில் நின்டெண்டோ ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம் பெட்டியிலிருந்து படம் வெளியே வர ஒரே வழிதான் உண்டு. அது டிவியின் ஆன்டெனா சாக்கெட். பெட்டிக்குள் உருவாகும் படத்தை ஒரு குட்டி மாடுலேட்டர் வானொலி அலையின்மேல் ஏற்றும். டிவி அதை ஏதோ ஓர் ஒளிபரப்பு நிலையம் என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும். தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் நம்மூர் வீடுகளுக்குள் நுழைந்த பெட்டிகள் பெரும்பாலும் இதன் நகல்கள்தாம். கேபிள் ஒயரைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகி, இரைச்சலுக்கும் புள்ளிகளுக்கும் நடுவே படம் வருகிறதா என்று டியூனிங்கைத் திருகியவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அதே பெட்டியை இன்றைய தட்டை டிவியில் இணைத்தால் படம் சகிக்காது. குறை முழுவதும் பெட்டியுடையது அல்ல. அது நொடிக்கு அறுபது முறை, முறைக்கு 240 கோடுகள் வீதம் அனுப்புகிறது. புதிய டிவிகள் பலவும் அதை 480 கோட்டுப் படத்தின் பாதி என்று எண்ணி, அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்துக் கோத்துவிடும். ஓடுகிற உருவத்தின் ஓரம் கிழியும். நிழலாகத் தெரியட்டும் என்று ஒரு ஃப்ரேம் காட்டி மறு ஃப்ரேம் மறைத்த உருவம் சில டிவிகளில் அடியோடு காணாமலே போகும். பழைய பெட்டியின் மேல் பாசம் விடாதவர்கள் சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பது இந்த இடத்தில்தான்.

முதல் வேலை எளியது. ரிகோ நிறுவனம் செய்த 2சி02 என்ற படச் சிப்புக்கு நாற்பது கால்கள்; இருபத்தோராம் காலில் படம் வெளியே வருகிறது. மாடுலேட்டருக்குப் போகுமுன் அதை மறித்து, ஒரு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் வழியாக மஞ்சள் ஏவி சாக்கெட்டுக்குக் கொண்டுவந்தால் இரைச்சல் போய்விடும். இரைச்சல் போனதும் அதுவரை மறைந்திருந்த மெல்லிய செங்குத்துக் கோடுகள் திரையெங்கும் வரிசைகட்டி நிற்கும். போர்டில் பக்கத்திலேயே ஓடும் மற்ற சிக்னல்களின் கசிவு அது. அதற்கும் வைத்தியம் உண்டு: அந்த ஒற்றைக் காலை மட்டும் போர்டிலிருந்து விடுவித்து, மேலே தூக்கி, ஒயரை நேரே அதன் நுனியில் பற்றவைப்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம். நாற்பது வருடப் பழைய கால், இரண்டு தரம் வளைத்தால் ஒடிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் எழுத்துகளின் ஓரத்தில் நிறம் ஊர்ந்துகொண்டே இருக்கும். வெளிச்சமும் வண்ணமும் ஒரே ஒயரில் வருவதுதான் காரணம். வண்ணத்தைச் சுமக்கும் அலை நொடிக்கு ஏறத்தாழ 35.8 லட்சம் முறை துடிக்கிறது. சிப் அதே நொடியில் 53.7 லட்சம் புள்ளிகளைத் துப்புகிறது. ஒரு புள்ளி வரைந்து முடிவதற்குள் வண்ண அலை மூன்றில் இரண்டு பங்குதான் ஓடியிருக்கும். அதாவது ஒரு புள்ளிக்குள் அதன் சொந்த நிறமே முழுதாகக் கொள்ளாது. பக்கத்துப் புள்ளியில் வழியும்.

சரி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி ஒயரில் எடுத்துவிட்டால்? சேகாவின் மெகா டிரைவில் அது தயாராகவே வெளியே வருகிறது. நின்டெண்டோவின் அடுத்த பெட்டியான சூப்பர் ஃபேமிகாமிலும் அப்படியே. ஃபேமிகாமில் மட்டும் தேடுகிறவர் கை வெறுமையாகத் திரும்பும். அந்தச் சிப்புக்குள் எந்த இடத்திலும், எந்தக் கணத்திலும், சிவப்பு பச்சை நீலம் என்று பிரிந்த நிலையில் படம் இருந்ததே இல்லை.

இந்த விஷயத்தில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான். மசாயுகி உஎமுரா தலைமையில் வடிவமைத்த பெட்டி அது. விலை 14,800 யென். அந்த விலைக்குள் அடக்க வேண்டிய பெட்டியில், வண்ணத்தை முதலில் மூன்றாகப் பிரித்துப் பிறகு டிவி அலையாகச் சேர்க்கும் சுற்றுவழிக்கு இடமில்லை. சிப் நேராக ஒரு சதுர அலையை எழுப்புகிறது. அந்த அலை எவ்வளவு தாமதித்து எழுகிறது என்பதே நிறம். பன்னிரண்டு தாமதங்கள், பன்னிரண்டு சாயல்கள். அலையின் உயரம் மாறினால் வெளிர் அல்லது அடர். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் காட்சியில் வானத்துக்காக எழுதிவைத்திருப்பது ஓர் எண்: பதினாறடிமான முறையில் 22. அந்த எண் வந்ததும் சிப் இன்ன உயரத்தில், இன்ன தாமதத்தில் ஓர் அலையை அனுப்பும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. நீலம் என்று பெட்டிக்குள் எதுவும் கிடையாது.

நீலத்தை உண்டாக்கியது டிவி. அதிலும் எல்லா டிவியும் ஒரே நீலத்தை உண்டாக்கவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த என்.டி.எஸ்.சி. முறையில் அலையின் தாமதம் வழியில் சற்றுப் பிசகினாலும் நிறம் பிசகும். அதற்காகவே அந்த டிவிகளில் ‘டின்ட்’ என்று ஒரு தனிக் குமிழ் இருக்கும். ஆட்கள் முகம் பச்சையடித்தால் ஒரு பக்கம் திருப்ப வேண்டும், சிவந்துபோனால் மறுபக்கம். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குமிழ் எங்கே நின்றதோ அதுவே அந்த வீட்டு மாரியோவின் வானம். ஒரு வீட்டில் தெளிந்த நீலம், அடுத்த வீட்டில் ஊதா கலந்தது.

மூல நிறத்தைத் தேடியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. நின்டெண்டோவே வணிக மையங்களுக்காகச் செய்த பிளேசாய்ஸ்-10 ஆட்டப் பெட்டியில் மூன்று நிறங்களையும் தனித்தனியே தரும் 2சி03 என்ற சிப் இருந்தது. அதைப் பெயர்த்து வீட்டுப் பெட்டியில் வைத்தார்கள். ஒன்றைத் துலக்க இன்னொன்றைக் கொல்லும் வேலை. படம் கத்தியாக வந்தது, நிறங்கள் வேறாக வந்தன. வீட்டுச் சிப்பில் ஒரு நிறத்தை அழுத்திக் காட்டச் சொன்னால் அது மற்றவற்றை மங்கவைக்கும். இந்தச் சிப்போ கேட்ட நிறத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும். மூன்றையும் ஒருசேர அழுத்தித் திரையை இருளவைக்க நினைத்த காட்சி, இதில் கண்கூசும் வெள்ளையாக வெடித்தது. பிரான்சில் விற்ற நின்டெண்டோ பெட்டியின் கதை இன்னும் வேடிக்கை. அதிலிருந்து மூன்று நிற ஒயர்கள் முறைப்படி வெளியே வரும். உள்ளே திறந்து பார்த்தால், கலந்து வந்த அதே பழைய சிக்னலைப் பிரித்து ஒயரில் விடுகிற ஒரு சர்க்யூட். கலங்கிய பிறகு பிரித்ததை மூலம் என்று ஏட்டளவில் சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிம் வொர்திங்டன் என்.இ.எஸ்.ஆர்.ஜி.பி. என்ற போர்டைச் செய்தார். படச் சிப்பைக் கழற்றி அந்தப் போர்டின் மேல் உட்காரவைக்க வேண்டும். சிப் எந்தப் புள்ளிக்கு எந்த எண்ணைத் தேர்ந்தது என்பதைப் போர்டு ஒட்டுக்கேட்டு, அந்த எண்ணுக்கான சிவப்பு, பச்சை, நீல அளவைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுக்கும். பட்டியல் ஒன்றல்ல, மூன்று. எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றுதான். எண் 22க்கு உரிய நீலம் எது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்தாக வேண்டியிருக்கிறது. ஒருவராலேயே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அழுக்கைத் துடைத்தால் அசல் தெரியும் என்பது நாம் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டிருக்கும் நம்பிக்கை. பெட்டியைத் திறப்பவர்களும் அப்படி நம்பித்தான் திறக்கிறார்கள். துடைத்துத் துடைத்து உள்ளே போய்ப் பார்த்தால் படத்துக்குப் பதிலாக ஓர் எண் இருக்கிறது. படம் நிகழ்ந்தது சிப்புக்கும் கண்ணுக்கும் நடுவில், ஒயரிலும் கண்ணாடியிலும் யாரோ திருகிய குமிழிலும்.

எதிர்க்கட்சியினர், அதாவது டியூப் டிவியில் பார்த்தால்தான் அது ஆட்டம் என்பவர்கள், உடனே 1991இல் மெகா டிரைவில் வந்த சோனிக்கைக் காட்டுவார்கள். முதல் கட்டத்து அருவி நுட்பமானது. அந்தப் பெட்டிக்கு ஊடுருவித் தெரியும் நீரை வரையத் தெரியாது. ஓவியர்கள் ஒரு புள்ளி அகலத்தில் செங்குத்துக் கோடுகளை இடைவெளி விட்டு அடுக்கினார்கள். கலங்கிய ஒயரில் போனால் கோடுகள் கரைந்து, பின்னாலிருக்கும் பாறை தெரிகிற நீராக மாறும். சுத்தமான ஒயரில் போட்டால் அது அருவியில்லை, தொங்கவிட்ட கொசுவலை. தேர் வீதியின் தூரத்துக்காகச் செய்த நாதஸ்வரத்தை ஏசி அரங்கில் காதருகே வாசிக்கச் சொல்லிவிட்டு, கத்துகிறது என்று குறைசொல்வதற்குச் சமம் இது.

வாதம் வலுவானது. ஆனால் இவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுவார்கள். பிரான்சில் 1980 முதலே வண்ண டிவிகளில் மூன்று நிறங்களையும் தனித்தனியே வாங்கும் ஸ்கார்ட் சாக்கெட் கட்டாயமாக இருந்தது. அந்நாட்டுச் சிறுவர்கள் பலர் ஆட்டம் வந்த புதிதிலேயே கொசுவலையைத்தான் அருவி என்று பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது போலியா? அதே சோனிக், அதே கேசட்.

இன்று சந்தையில் இருக்கும் ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் 240 கோட்டை ஒழுங்காகப் படித்துப் பெரிய திரைக்கு ஏற்றவாறு விரித்துத் தருகின்றன. தந்த கையோடு, டியூப் திரையில் கோடுகளுக்கு நடுவே தெரியும் கறுப்பு வரிகளைக் கணக்கிட்டு மறுபடி வரையும் வசதியும் அவற்றில் உண்டு. முதலில் கேலியாகத்தான் தோன்றும்: பாடுபட்டு நீக்கியதைப் பாடுபட்டுச் சேர்ப்பது. எனக்கு இப்போது அதில் கேலி தெரியவில்லை. எண்ணைக் காப்பாற்றியாயிற்று, ஒளியைக் காணோம் என்று புரிந்துகொண்டவர்களின் வேலை அது. ஒன்றை மட்டும் அவர்களாலும் மீட்க முடியவில்லை. வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி, விசையை அழுத்தியதும் திரையில் ஒரு கணம் மின்னும் வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துத்தான் குறி பட்டதா என்று சொல்லும்; டியூப் திரையின் துடிப்பையும் வேகத்தையும் நம்பிச் செய்தது. தட்டை டிவியில் எவ்வளவு நல்ல படம் தெரிந்தாலும் ஒரு வாத்தும் விழாது.

சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை போர்டும் சிப்பும் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். டியூபுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அதைச் செய்துவந்த ஆலைகள், கடைசிவரை செய்தவற்றில் ஒன்றான நம் வீடியோகான் உட்பட, நிறுத்திவிட்டன. வெற்றிடம் அடைத்த கண்ணாடியை யாரும் வீட்டு மேசையில் செய்துவிட முடியாது. பழைய இரும்புக் கடைகளில் எடைக்குப் போகிற டிவிகளைப் பேரம் பேசித் தூக்கிவந்து அறையை அடைத்துக்கொள்கிற சிலர் உலகெங்கும் இருக்கிறார்கள். வீட்டார் திட்டினாலும் திட்டட்டும். மாரியோவின் வானத்தில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.