விதியும் காரணமும்

அயல்நாட்டில் தங்க நேர்ந்தவன் அங்குள்ள விதிகள் புரியாமல் திண்டாடுவதை மொழிப் பிரச்சனையாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். அரபியோ மலாயோ தெரிந்துவிட்டால் தீர்ந்துபோகும் என்று ஒரு நினைப்பு. ஆனால் திருச்சுழித் தாலுகாவில், தமிழ் பேசும் குமாஸ்தாவின் முன், தமிழில் அச்சிட்ட படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அதே திண்டாட்டத்தில் நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு வாசகம் புரிகிறது. காரணம்தான் புரிவதில்லை. காரணம் தெரியாத விதிக்குக் கீழ்ப்படிய வேண்டுமா என்பது பழைய கேள்வி. எனக்கு அதன் மறுபக்கம் முக்கியமாகப் படுகிறது: காரணத்தைச் சொல்லாமல் ஒரு விதியை இன்னொருவர் மேல் பிரயோகிக்க எனக்கு உரிமை உண்டா?

நரிக்குடி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லாவிட்டால் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம். அதுவும் போதாதவர்கள் கப்பலேறியது ஒரு காலம், விமானம் ஏறுவது இந்தக் காலம். சில வருஷங்களுக்கு முன் சவூதிக்கு ஆடு மேய்க்கப் போன ஒருவரின் மனைவி நான் உட்கார்ந்திருந்த கவுன்டருக்கு வந்தார். கணவர் விட்டுப்போன ஏ.டி.எம். அட்டை காலாவதியாகிவிட்டது. போகுமுன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலைகளும் தீர்ந்துவிட்டன. அவர் நீட்டிய காசோலையில் இருந்த கையெழுத்து கணவருடையதல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவர் அவசரக் கையெழுத்துக்காரர். இது நிதானமாக வரையப்பட்டிருந்தது. கணினித் திரையில் இருந்த மாதிரிக் கையெழுத்துக்கு அவருடைய பழைய காசோலைகளைவிட இதுதான் நெருக்கமாக இருந்தது.

‘வீட்டுக்காரர் எங்கே?’ என்றேன். ‘சவுதியில’ என்று உண்மையைச் சொன்னார். அந்த உண்மை இன்னொரு குற்றமாயிற்று. வேலைக்காக வெளிநாடு போனவர் இங்கே சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் உள்ள விதிப்படி அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்றியிருக்க வேண்டும். காசோலையைத் திருப்பிக் கொடுத்து, ‘ரூல்ஸ் அப்படிம்மா’ என்றேன். ‘யாருட்ட கேக்கணும் சார்?’ என்றார். பவர் பத்திரம் வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் அதே கிளையின் நகைக்கடன் மேஜையில் அவரைப் பார்த்தேன். அங்கே எந்தக் கேள்வியும் எழவில்லை. கணவர் சம்பாதித்த பணம் ஒரு மேஜையில் கிடக்க, மூன்றடி தள்ளி அடுத்த மேஜையில் அவர் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

காசோலையைத் திருப்பியது தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் தன் கணக்கு காலியாகியிருப்பதையும், எடுத்தவன் கூடப்பிறந்தவன் என்பதையும் ஒரே நாளில் தெரிந்துகொண்ட சம்பவங்கள் உண்டு. கையெழுத்தை ஒப்பிடும் விதி, ஊரில் இல்லாதவனுக்கு ஊரில் இருக்கும் ஒரே காவல். பவர் பத்திரத்துக்கும் நியாயம் உண்டு. வெளிநாட்டில் எழுதிய பத்திரத்தை இந்தியத் தூதரகத்தின் முன் கையெழுத்திட்டு, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

ஆனால் தூதரகத்தில் கையெழுத்திட மூலக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டு முதலாளியிடம். முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று சவூதியிலும் விதி இருக்கிறது. ஆட்டு மந்தையோடு பாலையில் கிடப்பவன் அதை யாரிடம் நீட்டிக் கேட்பான்? 2021 மார்ச்சில் அங்கு வந்த சீர்திருத்தம், முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறவும் நாட்டைவிட்டுப் போய்வரவும் தனியார் துறைத் தொழிலாளருக்கு வழி திறந்தது. வீட்டு வேலைக்காரர், ஓட்டுநர், தோட்டக்காரர், பண்ணையாட்கள் அதில் சேரவில்லை. ஆக, இங்கே ஒரு விதி, அங்கே ஒரு விதி. தனித்தனியே எடுத்தால் என் விதியில் குறை சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தபோது அது சுருக்குக் கயிறாகிவிட்டது. கயிற்றின் ஒரு நுனி என் கையில் இருந்தது.

காஃப்காவைப் படிக்கும் நாம் எல்லோருமே நம்மைக் ‘கோட்டை’ நாவலின் நில அளவையாளனாகவே நினைத்துக்கொள்கிறோம். காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரியாக வேலை பார்த்தவர் என்பதை வாழ்க்கைக் குறிப்பாகத் தள்ளிவிடுகிறோம். கை இழந்த தொழிலாளி மேஜைக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியும். கோட்டைக்குள் யாருமே தீயவர்கள் இல்லை, எல்லோரும் களைத்த குமாஸ்தாக்கள் என்பதுதான் அந்த நாவலின் பயங்கரம் என்று எனக்குப் படுகிறது. அதை வெளியே நின்று மட்டும் பார்த்த ஒருவரால் எழுதியிருக்க முடியாது.

இனி, எதிரான ஓர் உதாரணம். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, தான் அங்கு பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கேயே பிறந்ததை நிரூபிக்க வேண்டும். எங்கள் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும் தோட்டக்காட்டுக்குப் போனவர்கள் உண்டு. தலைமுறைக் கணக்காகத் தேயிலை பறித்தவர்களிடம் தகப்பனின் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. கொடக்கன் பிள்ளை வழக்கில் 1953ல் லண்டன் பிரிவி கவுன்சில் அச்சட்டம் செல்லும் என்றது. 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டது. எந்த எண்ணில் தான் இருக்கிறோம் என்று எந்தக் கவுன்டரில் போய்க் கேட்பது?

என் காசோலை விதியையும் இந்த விதியையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. என்னுடையதற்குக் காரணம் உண்டு, நான் சொல்லவில்லை. அதன் காரணத்தையோ சொல்லியிருக்கவே முடியாது. சொன்னால் ‘நீங்கள் இங்கே வேண்டாம்’ என்பதாகத்தான் முடியும். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளியே சொன்னால் அது நிறைவேறாது என்றால் அச்செயல் அநியாயமானது என்று கான்ட் 1795ல் ஒரு சோதனையை முன்வைத்தார். காசோலை விதி இந்தச் சோதனையில் தேறும், குடியுரிமை விதி தேறாது. ஆனால் கவுன்டருக்கு வெளியே நிற்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: ‘ரூல்ஸ் அப்படி.’ காரணம் சொல்லப்படாதபோது நியாயமான விதியும் அநியாயமான விதியும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. நல்ல விதியை மௌனமாகப் பிரயோகிக்கும் குமாஸ்தா, தானறியாமல் கெட்ட விதிக்கு ஒளிந்துகொள்ள இடம் தருகிறான்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தைச் சரிபார்த்து ஏமாறாமல் காப்பது இதன் நோக்கம். எங்கள் பக்கத்து இளைஞர்கள் அதைப் படிக்காமல் போனதற்கான தண்டனை என்று நம்புகிறார்கள். தண்டனையிலிருந்து தப்புவதாக நினைத்துச் சுற்றுலா விசாவில் போய், காவலிலிருந்து தப்பிவிடுகிறார்கள். காரணம் சொல்லாததற்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

காரணத்தைச் சொல்வதால் முடிவு மாறிவிடுமா, வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். பல சமயம் மாறாதுதான். ஆனால் காரணம் தெரிந்தவர் அதோடு வாதிட முடியும். ‘அவர் பணத்தை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்’ என்று சொல்லியிருந்தால், ‘அவரையே போன்ல கூப்பிடுறேன், கேளுங்க’ என்று அந்த அம்மாள் சொல்லியிருப்பார். அப்போதும் நான் மறுத்திருக்கலாம். ஆனால் மறுப்பது விதியா நானா என்ற கேள்வி என் முன்னால் நின்றிருக்கும். காரணம் முடிகிற இடத்துக்குப் பிறகு விதி நீளுமானால், அந்த நீளத்துக்குப் பொறுப்பு குமாஸ்தாவுடையது. அந்தப் பொறுப்பைத் தவிர்க்கத்தான் நான் காரணத்தைச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நேரமின்மை பிற்பாடு கிடைத்த சாக்கு.

அவர் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. யாரிடம் கேட்பது என்றுதான் கேட்டார். சவூதியில் அவர் கணவருக்கும் அதே கேள்விதான் இருந்திருக்கும். அவருக்காவது அங்கே மொழி தெரியாது. இங்கே கேட்ட மொழியும் கேட்கப்பட்டவன் மொழியும் ஒன்று. கேட்க வேண்டிய ஆள் நான்தான் என்று அன்று நான் சொல்லவில்லை.