ஆறாப் புண்ணும் துறந்த உடலும்

பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த விநய பிடகத்தில், மகாவக்கத்தின் ஆறாம் பகுதி மருந்துகளைப் பற்றியது. அதில் கட்டி வந்த ஒரு துறவியின் புண் கட்டம் கட்டமாகப் பேசப்படுகிறது. கட்டியைக் கீறலாம், துவர்ப்பு நீரால் கழுவலாம், எள் விழுதை அப்பலாம், துணியால் கட்டலாம் என்று புத்தர் ஒவ்வொன்றாக அனுமதிக்கிறார். புண் அரித்தபோது கடுகுப் பொடி தூவச் சொல்கிறார். அது கசிந்து நசநசத்தபோது புகை காட்டச் சொல்கிறார். சதை துருத்திக்கொண்டு எழுந்தபோது உப்புக் கட்டியால் அறுக்க இசைகிறார். அப்போதும் புண் ஆறவில்லை. எண்ணெய் தடவ அனுமதி வருகிறது. எண்ணெய் வழிந்தோடவே, அதை நிறுத்த ஒரு துணி. முடிவில், புண்ணுக்குரிய எல்லா மருத்துவத்துக்கும் வழி திறக்கப்படுகிறது.

இன்று எந்த மருத்துவரும் ஆறாப் புண்ணில் கடுகுப் பொடி தூவமாட்டார். அழுகிய சதையை நீக்குவது, காய்ந்தும் போகாமல் ஊறியும் போகாமல் ஈரத்தைக் காப்பது, சிரை நோயால் வந்த கால் புண்ணென்றால் ரத்த ஓட்டத்தைச் சோதித்தபின் அழுத்தக் கட்டுப் போடுவது, சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணென்றால் அந்த இடத்தில் உடல் பாரம் விழாமல் தடுப்பது என்று முறைகள் வேறாகிவிட்டன. ஆனால் புண்ணின் அன்றைய நிலையைப் பார்த்து அன்றைய மருந்தை முடிவு செய்யும் பழக்கம் அந்தப் பழைய விதிகளிலேயே இருக்கிறது.

கேள்வி இங்கேதான் எழுகிறது. அதே பௌத்தம், அங்குத்தர நிகாயத்தின் ஒரு சூத்திரத்தில், உடலையே ஒன்பது வாய்கள் கொண்ட புண்ணாகச் சொல்கிறது. அதில் சலிப்புக் கொள்ளவும் சொல்கிறது. உடலே புண் என்றால், அதன் மேல் வந்த இன்னொரு புண்ணை ஆற்ற இத்தனை பாடு எதற்கு?

மிலிந்தன் என்ற கிரேக்க வழி அரசன் பௌத்தத் துறவி நாகசேனரிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவில் ஆண்ட மெனாண்டரே இந்த மிலிந்தன். துறவிக்கு உடல் பிரியமானதா, இல்லையென்றால் அதை ஏன் பேணுகிறீர்கள் என்பது அவன் கேள்வி. போரில் அம்பு தைத்த புண்ணுக்குக் களிம்பிட்டு, எண்ணெய் தடவி, மெல்லிய துணியால் கட்டினீர்களே, அந்தப் புண் உங்களுக்குப் பிரியமாக இருந்ததா என்று நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். இல்லை, சதை வளர்ந்து மூடத்தான் அப்படிச் செய்தேன் என்கிறான் அரசன். துறவி உடலைப் பேணுவதும் அப்படித்தான், அறவாழ்வுக்குத் துணையாக மட்டுமே என்பது நாகசேனரின் விடை.

அழகான விடை, ஆனால் பாதி விடை. தன் உடலை ஒருவர் ஏன் பேண வேண்டும் என்பதற்கு அது போதும். பிறர் உடலில் நாறும் புண்ணைக் கழுவுவதற்கு அது காரணம் சொல்லவில்லை. நோயாளி இனி எழப்போவதில்லை என்றால், பயனைச் சொல்லும் வாதம் அங்கேயே நின்றுவிடும். ஆறாப் புண்ணோடு பல மாதங்கள் கிடப்பவரை வலிக்கு நிகராக வதைப்பது, நாற்றத்தால் மற்றவர்கள் விலகிப்போவதுதான். மகாவக்கம் இதை அறிந்திருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவரின் ஐந்து பண்புகளில், ஆதாயம் கருதாத அன்பையும், மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் ஆகியவற்றை அகற்ற அருவருக்காமையையும் அது சேர்க்கிறது. தமக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னதும் அதே இடத்தில்தான். உடல் எதற்குப் பயன்படும் என்ற கணக்கு அந்தச் சொல்லில் இல்லை.

தம்மபத உரை சொல்லும் திஸ்ஸரின் கதை இந்த மீதிப் பாதியைத் தருகிறது. சாவத்தி நகரில் துறவு பூண்ட அவருக்குக் கடுகளவாகத் தோன்றிய கொப்புளங்கள் பெருத்து உடைந்தன. உடல் முழுதும் புண்ணாயிற்று. சீழும் ரத்தமும் ஆடையில் ஊறின. உடனிருந்த துறவியர் பராமரிக்க முடியாமல் கைவிட்டார்கள். அழுகிய உடல் கொண்டவர் என்பதே அவர் பெயருக்கு அடையாயிற்று. புத்தர் தாமே வெந்நீர் காய்ச்சினார். மேலாடையை அலசச் செய்து காயவைத்து, வெந்நீர் ஊற்றித் தேய்த்து அவரைக் குளிப்பாட்டி, காய்ந்த ஆடையை உடுத்திய பிறகு மற்ற ஆடையையும் அலசச் செய்தார். திஸ்ஸரின் உடம்பு காய்ந்து மனம் லேசான பின்னரே, இந்த உடல் விரைவில் மண்ணில் கிடக்கும் என்ற போதனை வந்தது. அதைக் கேட்டு முடித்ததும் திஸ்ஸர் இறந்தார். அந்தப் புண்கள் ஆறவேயில்லை.