பழைய காரின் சுவிட்சுகளும் கடமையும்

அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில், முன் இருக்கையில் அமர்ந்தவர் சீட் பெல்ட் போடாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் எடையை உணரும். பெல்ட் கொக்கியில் இன்னொன்று இருக்கும். பக்கத்து இருக்கையில் கனமான காய்கறிப் பையை வைத்தால் அதையும் ஆள் என்றே எண்ணி வண்டி கிளம்ப மறுக்கும். மக்களின் எரிச்சல் நாடாளுமன்றம் வரை சென்றது. இத்தகைய பூட்டை அரசு கட்டாயமாக்கக் கூடாது என்று 1974 அக்டோபரில் சட்டமே வந்தது.

இதில் உள்ள கேள்வி பழையது: ஒருவரை அவருடைய நன்மைக்காகவே கட்டாயப்படுத்தலாமா? தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் கூடாது என்றார். பிறருக்குத் தீங்கு நேருமென்றால் மட்டுமே தடுக்கலாம். இடிந்துவிழும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவர் கால்வைக்கப் போனால், எச்சரிக்க நேரமில்லாதபோது பிடித்து நிறுத்தலாம் என்றும் ஒப்புக்கொண்டார். ஆபத்தை அறிந்த பின்னும் போவது அவர் முடிவு.

இந்த அளவுகோல் காரின் சுவிட்சுகளை மூன்றாகப் பிரிக்கிறது. பெல்ட் பூட்டு பெரும்பாலும் அமர்ந்திருப்பவரையே காக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியின் நியூட்ரல் சுவிட்ச், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாமல் தடுத்து, வண்டிக்கு முன்னால் நிற்பவரையும் காக்கிறது. பிரேக் எச்சரிக்கை விளக்கு எதையும் தடுப்பதில்லை. இரண்டு பிரேக் சர்க்யூட்டுகளில் ஒன்றில் அழுத்தம் போய்விட்டது என்று சொல்வதோடு சரி.

வண்டி நகராது என்பதற்காகப் பெல்ட் போடுவதில், தத்துவஞானி கான்ட் 1785இல் வகுத்த அளவின்படி, அறத்தின் மதிப்பு இல்லை; கடமை என்று உணர்ந்து செய்வதற்கே அது உண்டு. ஆனால் அம்பது வருஷப் பழைய வண்டியின் துருப்பிடித்த கான்டாக்டைச் சுத்தம் செய்து சுவிட்சை மறுபடி வேலை செய்ய வைப்பவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அங்கே கட்டுப்பாடே அவர் தேர்ந்தெடுத்தது.

தொல்லை தரும் சென்சாரின் ஒயர்களை இணைத்தோ கழற்றியோ அதன் வாயை அடைப்பது எளிது. பெல்ட் பூட்டை அப்படிச் செய்பவர் பெரும்பாலும் தன் உயிரையே பணயம் வைக்கிறார். நியூட்ரல் சுவிட்சில் செய்தால் பணயம் பிறர் உயிர். பிரேக் விளக்கில் செய்தால், தேர்வுக்கு அடிப்படையான அறிவே போய்விடுகிறது. பல்ப் எரிந்துபோன விளக்கு, விளக்கே இல்லாததைவிடக் கெட்டது: அது எரியாததைப் பார்த்து எல்லாம் சரி என்று ஓட்டுநர் நம்பிவிடுவார்.