கையொப்பமும் மன ஒப்புதலும்

சட்டம் கொடுத்த உரிமையை உறவு திரும்பப் பெற்றுக்கொள்ளுதல் முறையாகுமா? தலைநகரில் வாழும் நம்மனோர் இவ்வினாவை எழுப்புவது அரிது. நாடாளுமன்றத்தைக் கடந்தே நாம் நாள்தோறும் அலுவலகம் செல்கின்றோம். பெண்ணுரிமைச் சட்டம் ஒன்று அங்கே நிறைவேறினால் மகிழ்கின்றோம். மதிய உணவு வேளையில் அதன் நிறைகுறைகளை ஆராய்கின்றோம். ஆனால், அதே சட்டம் ஊரிலுள்ள நம் வீட்டு வாயிற்படியில் வந்து நிற்கும்போது நாம் என்ன செய்கின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்கு நிகரான சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டுமெனத் தீர்மானித்தது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கிப்போனதை முன்னிட்டு, 1951-இல் டாக்டர் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக ஏற்றது. ஆயினும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கை மகனுக்கே விட்டுவைத்தது. மனைவியை இழந்த ஒருவருக்கு மகன் ஒருவன், மகள் ஒருத்தி எனக் கொள்வோம். அவர் மறைந்தால், சொத்தில் பாதி பிறப்பாலேயே மகனுடையது. தந்தையின் பாதி மட்டுமே இருவருக்கும் பிரியும். முடிவில் மகனுக்கு முக்கால், மகளுக்குக் கால்!

தமிழ்நாடு 1989-இல் இதைத் திருத்தியது. எனினும் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமான மகளிரை அத்திருத்தம் விலக்கிவைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அவ்வேற்றுமையையும் நீக்கி, மகளும் பிறப்பாலேயே சம பங்குடையவள் என்றது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இத்தனை ஆண்டுப் போராட்டத்தின் பயனை ஒரு முற்பகலில் நாம் அழித்த கதையை இங்கே மறைக்காமல் கூறவேண்டும்.

நம் தந்தையாரின் இறுதி நான்கு ஆண்டுகளில் அவருக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்தவர் அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்ட நம் தமக்கையார். நாம் 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பணம் அனுப்பினோம். ஆண்டுக்கொரு முறை தலைகாட்டினோம். தந்தையார் மறைந்த மறு ஆண்டு, திவசத்துக்குச் சென்றபோது, விடுதலைப் பத்திரம் ஒன்றை எழுதுவித்து, தமக்கையாரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றோம். "எந்த இடத்தில் தம்பி?" என்று மட்டும் அவர் கேட்டார். விரல் வைத்துக் காட்டினோம். யாருடைய வற்புறுத்தலுமின்றி மனப்பூர்வமாகச் சம்மதித்ததாகப் பத்திரம் கூறியது. அது பொய்யுமன்று, நாம் வற்புறுத்தவில்லை.

ஆயினும் ஓர் உறுத்தல் எஞ்சிநின்றது. மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1964, நமக்கு மனப்பாடம். தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ ஆதாயமுள்ள கோப்பை ஓர் ஊழியர் தாமே கையாளலாகாது. மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அலுவலகத்தில் இவ்விதியை மீற நாம் கனவிலும் நினைத்ததில்லை. வீட்டிலோ, கோப்பைத் தயாரித்தவரும் நாமே. எடுத்துச் சென்றவரும் நாமே. பயன் பெற்றவரும் நாமே!

தமக்கையார் ஏன் மறுக்கவில்லை? நம் குடும்பங்களில் பங்கு கேட்கும் பெண்ணுக்குப் பிறந்தகம் அடைபட்டுப் போகும். கையொப்பமிட்டால், பங்கு போனாலும் வாயில் திறந்திருக்கும். பிள்ளைகளின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் சீர் வரும். ஆண்மகனுக்கு இவ்வாறு தேர்ந்தெடுக்கும் நிலை வருவதில்லை. அவனுக்கு வீடும் உண்டு, உறவும் உண்டு. பெண்தான் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் காத்துக்கொள்கிறாள்.

நாட்டின் அரசியலிலும் இதைக் காண்கின்றோம். 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலிலேயே பெண்களுக்குச் சம வாக்குரிமை இருந்தது. ஆயினும் தம் பெயரைக் கூறாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவான சுமார் 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சட்டம் பெயரைக் கேட்டது. வீடு உறவை மட்டுமே சொல்லப் பழக்கியிருந்தது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2023-இல் நிறைவேறியது. போற்றுதற்குரியதே. ஆனால் பிறந்த வீட்டில் தன் பங்கைப் பற்றி வாய்திறக்க இயலாதவள், அவையில் நாட்டின் பங்கீட்டைப் பற்றிப் பேச எங்கே பழகுவாள்?

"நகையும் சீரும் செய்தோமே" என்பர் சிலர். அவை தந்தை விரும்பிச் செய்தவை. பங்குக்கு ஈடாக எழுதிக் கொடுத்தவை அல்ல. நம் கல்லூரிப் படிப்புக்கு ஆன செலவை எந்தப் பாகப்பிரிவினையிலும் எவரும் கழித்ததில்லையே! "விரும்பியே விட்டுக்கொடுக்கும் பெண்கள் இல்லையா?" என்பர் வேறு சிலர். உண்டு. அவ்விருப்பத்தை அறிய ஒரு வழிதான் உண்டு. மறுத்தாலும் தான் எதையும் இழக்கமாட்டோம் என்ற உறுதி அவளுக்கு இருக்கவேண்டும். அவ்வுறுதி இல்லாதபோது கிடைப்பது கையொப்பம். மன ஒப்புதல் அன்று.

சென்ற ஆண்டு நம் மகள் பள்ளிப் பாடத்தில் இச்சட்டத்தைப் படித்துவிட்டு, "அத்தைக்கு ஊர் வீட்டில் பாதியா அப்பா?" என்று கேட்டாள். அருகில் அவள் தம்பி அமர்ந்திருந்தான். இருவருமே நம் விடைக்குக் காத்திருந்தனர். பத்திரத்தைப் பற்றிக் கூறினோம். "நானும் இவனுக்குக் கையெழுத்துப் போட வேண்டுமா?" என்பது அடுத்த வினா. அதற்கு நம்மிடம் விடையில்லை.

வரும் கோடை விடுப்பில் ஊருக்குச் சென்று, பாதிப் பங்கைத் தமக்கையார் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிவைக்க முடிவு செய்துள்ளோம். பிள்ளைகள் இருவரையும் உடன் அழைத்துச் செல்வோம். தமக்கையார் வேண்டாமென்று மறுக்கவும் கூடும். மறுத்தாலும் பிறந்தகத்தின் வாயில் அவருக்கு எப்போதும்போல் திறந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம். அதன்பின் அவர் எடுப்பதே அவருடைய முடிவு.