நாலில் ஒரு பங்கு

ஆலயத்துக்கு வரும் வருமானத்தை நாலாகப் பிரித்து, ஆயருக்கு ஒன்று, குருமாருக்கு ஒன்று, கட்டடப் பராமரிப்புக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று என்று வைக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ரோமில் எழுந்த திருச்சபை விதி இது. ஏழைக்குத் தருவதை தயவாக விட்டுவிடாமல் கணக்கிலேயே எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கு எத்தனை ஊரில் ஒழுங்காக நடந்தது என்பது வேறு கதை.

1866 ஜூலையில் புதிய இத்தாலிய அரசு துறவற மடங்களைக் கலைத்து, சொத்துகளை எடுத்துக்கொண்டது. பலெர்மோவில் மடத்து வாசலை நம்பிப் பசியாறியவர்கள் தெருவில் நின்றார்கள். செப்டம்பரில் ஏழரை நாள் கலகம், காலராவும் சேர்ந்துகொண்டது. சொத்தே போன பிறகு அதில் நாலில் ஒரு பங்கு எங்கிருந்து வரும்?

அதே பலெர்மோவில் மருத்துவம் படித்து 1860-ல் குருவானவர் ஜாக்கமோ குஸ்மானோ. நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு வழக்கத்தைக் கண்டார். வீட்டார் ஒவ்வொருவரும் தம் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து, நடுவிலிருந்த தட்டில் வைத்தார்கள். அது ஓர் ஏழைக்கு. 1867-ல் பேராயர் நசெல்லியின் ஒப்புதலோடு அவர் தொடங்கிய சங்கத்துக்கு 'ஏழையின் கவளம்' என்றே பெயர்.

மிஞ்சியதைக் கொடுக்கும்போது நமக்கு ஒன்றும் ஆவதில்லை. கவளத்தை நம் பசியிலிருந்து எடுக்க வேண்டும். கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தை வேளைக்கு வேளை பார்த்துக்கொண்டிருப்பது, எனக்குத் தெரிந்தவரை, பல மணிநேர ஜபத்துக்குக் குறைந்ததல்ல. பழைய விதி கருவூலத்தில் போட்ட கோட்டை குஸ்மானோ ஒவ்வொருவர் தட்டிலும் போட்டார்.

அதே 1867 மே 23-ல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அது எழுந்தது பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில். ஒருவரை ஒருவர் அறியாத இருவர், ஒரே ஆண்டில், பசி தீர்ப்பதையே முதல் வழிபாடாகக் கொண்டார்கள்.

பலெர்மோவில் கவளங்கள் தாமாக வந்து சேரவில்லை. குஸ்மானோ தெருத்தெருவாகப் போய்க் கேட்டார். 1880-ல் ஏழைகளின் ஊழியர் என்ற பெண்கள் சபை உருவானது. மூன்று வயதில் தாயைக் காலராவுக்குப் பறிகொடுத்த குஸ்மானோவை வளர்த்த அக்கா வின்சென்சீனாதான் அதன் முதல் தலைவி. 1888 மார்ச்சில் காலமானபோது தம்பிக்கு ஐம்பத்துநாலு வயது நிறைய ஒரு நாள் பாக்கி.