துண்டுப் பென்சில்

பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாகாது என்னும் அபரிக்ரகத்தை யோக சாஸ்திரம் யமங்கள் எனப்படும் கட்டுப்பாடுகள் ஐந்தனுள் ஒன்றாக வைத்தது. சமண நூலாகிய தத்துவார்த்த சூத்திரமோ இன்னும் ஒரு படி உள்ளே சென்று, வஸ்துவின்மேல் மனம் கொள்ளும் மயக்கமே பரிக்ரகம் என்று இலக்கணம் வகுத்துவிட்டது. இதன்படி கோடீசுவரன் தப்பினாலும் தப்பலாம். மறைந்த தாயின் மூக்குக் கண்ணாடியைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஏழைக் குமாஸ்தா தப்ப முடியாது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்லை.

அபரிக்ரகத்தை அண்மைக் காலத்தில் மிகத் தீவிரமாய் அனுஷ்டித்தவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1915-ஆம் ஆண்டு பம்பாய்க் காங்கிரஸின்போது காந்தியடிகள் எதையோ வெகு மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்ததை அவருடைய சகாவான காகா காலேல்கர் எழுதி வைத்திருக்கிறார். தேடியது இரண்டு அங்குலமும் இராத ஒரு பென்சில் துண்டு. காலேல்கர் தம்முடையதைக் கொடுக்க முன்வந்தும் அவர் ஏற்கவில்லை, சென்னையில் பத்திரிகாசிரியர் ஜி. ஏ. நடேசனின் சிறு மகன் அத்தனை ஆசையோடு கொண்டுவந்து கொடுத்ததை எப்படித் தொலைப்பது என்பது அவர் கட்சி. அது அகப்பட்ட பின்பே அவருக்கு நிம்மதி உண்டாயிற்று.

இதே மனிதர்தாம் 1901-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அங்குள்ள இந்தியர்கள் கஸ்தூரிபாவுக்கு அளித்த 50 கினி பெறுமான தங்க ஆரத்தை, வரப்போகும் மருமகள்களுக்கு ஆகுமே என்று அந்த அம்மாள் கண்ணீர் விட்டு வாதாடியும் கேளாமல், மற்ற வெகுமதிகளோடு சேர்த்துப் பொதுப்பணிக்கென்று சாசனம் எழுதி ஒப்புவித்தவர். அன்போடு வந்ததுதானே அதுவும்? (அம்மாள் பிற்பாடு இந்தப் பென்சிலைக் காட்டிக் கேட்டிருந்தால் பதில் சொல்லச் சற்றுத் திணறியிருப்பார்.) ஆனால் ஆரம் செய்த சேவைக்குக் கைம்மாறாக வந்தது, யார் கைக்குப் போனாலும் அதன் மதிப்பு ஒரு குன்றிமணியும் குறையாது, ஆகையால் தாராளமாகத் துறக்கலாம். பென்சிலோ, ஒரு குழந்தையின் பிரீதி அதில் தங்கியிருக்கிறது என்று அறிந்த ஒருவர் கையில் இருக்கும் வரைதான் வஸ்து, அப்புறம் குப்பை. அதை உடைமை என்பதைவிட அடைக்கலப் பொருள் என்பதே பொருந்தும்.

அடைக்கலத்தைக் காப்பதிலும் விதம் உண்டு. பாட்டியின் பேர் வெட்டிய வெண்கலப் பானை ஒன்று நம்மவர் பல வீடுகளில் இருக்கும். கழுத்தருகே, புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய எழுத்து. எடைக்குப் போட மனமின்றி அதைப் பரணில் ஏற்றிவிட்டவர் வீட்டில் எழுத்து அப்படியே இருக்கிறது. தினம் சோறு வடித்துப் புளி போட்டுத் தேய்க்கிற வீட்டிலோ, புள்ளிகள் வருஷத்துக்கு வருஷம் மழுங்கி, விரலால் தடவித்தான் பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். சூத்திரகாரர் அஞ்சிய மயக்கம் முதல் வீட்டில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் பரணில் ஏற்றியவரை வைய மனம் வருவதில்லை. பொங்கலுக்காவது அதைக் கீழே இறக்கி ஒரு படி அரிசி போடச் சொல்வேன்.